சந்தனம் பூசிய சிடி

நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்துதான் கூப்பிட்டிருப்பீர்கள். காப்பி வந்துவிட்டதல்லவா, இனி எழுந்து ஓட முடியாது.

நீங்கள் போகிற எல்லா வீட்டிலும், எல்லா ஆபீஸிலும் ஒரே பொய்யைத்தான் கேட்கப் போகிறீர்கள். "ஒண்ணுமே செய்யல்ல, அது தானா நின்னு போச்சு." இதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரணை நடத்தப் போகாதீர்கள். பயத்தில் இருக்கிற மனிதர் பொய் சொல்வார், தட்டிக் கேட்டால் இன்னும் இரண்டு பொய் சொல்வார், கடைசியில் எது உண்மை என்று உங்களுக்கும் தெரியாமல் போகும். முதலில் மெஷினை அணைத்துவிடுங்கள். பிறகு சுவிட்சுக்குப் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் பாதி மெஷின்களைக் காப்பாற்றியது சுவிட்சை மறைத்துக்கொண்டு உட்கார்ந்ததால்தான். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது அதற்கு வசதியாகவும் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற வழியில் சிவதாணு என்று ஒருவர் மரக்கதவு செய்கிற பட்டறை வைத்திருந்தார். வளைகுடா நாட்டில் தச்சு கம்பெனியில் இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது அங்கே கழித்துப் போட்ட ஒரு செதுக்கு மெஷினைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். பலகையைப் படுக்க வைத்தால், மேலே தொங்குகிற 'பிட்டு' என்கிற வெட்டுமுனை சுழன்று சுழன்று பூவும் கொடியும் செதுக்கும். அதை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் உங்கள் மடியில் இருப்பதைப் போல இல்லை. பெட்டி தனி, திரை தனி, இரண்டையும் தூக்க ஆள் தனி. அதற்குள் ஒரு கார்டு. அந்தக் கார்டு இன்றைய எந்தக் கம்ப்யூட்டரிலும் பொருந்தாது. அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த சாஃப்ட்வேர் ஒன்றே ஒன்று. அதைச் செய்த கம்பெனி இப்போது இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சிவதாணு போன் பண்ணினார். குரலிலேயே வெப்ராளம், ஒரே பதற்றம். "அக்கா, டக்கு டக்குன்னு சத்தம் கேக்கு. பொறவு ஒண்ணும் கேக்கல்ல. நான் ஒண்ணுமே செய்யல்ல, கேட்டியளா."

போய் இறங்கினேன். வாசலில் அவருடைய மனைவி பகவதி நின்றாள். என் பையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் ஆட்டோவை எட்டிப் பார்த்தாள்.

"மெஷினு பாக்குத சாரு வரல்லியா?"

"நான் தான் சாரு."

"ஓ," என்றாள். இந்த 'ஓ'வை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். உங்களில் பெண்பிள்ளைகள் இருக்கிறீர்கள், நீங்களும் கேட்பீர்கள். பதில் சொல்லி நேரத்தைக் கெடுக்காதீர்கள். பெட்டியைத் திறக்கிற வேகத்தில் அது தானாக அடங்கிவிடும்.

திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் போயிருந்தது. தட்டி எழுப்புகிற நிலையெல்லாம் தாண்டியாயிற்று. பெட்டியின் மேல் ஒரு பெரிய கைத்தடம் தூசியில் அழகாகப் பதிந்திருந்தது, ஒன்றுமே செய்யாத சிவதாணுவின் கைத்தடம். அது பரவாயில்லை. பழைய டிஸ்குகளை நான் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பேன், அதில் ஒன்று இதற்குப் பொருந்தும். கதவின் டிசைனும் ஒரு பென் டிரைவில் தனியாக இருந்தது. சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினால் முடிந்தது. சின்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் மெஷினில் கிடந்த பலகையைப் பார்த்தேன்.

இரட்டைக் கதவு. இடது கதவு முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. அதில் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு வலப்பக்கம் பார்த்து நின்றது. வலது கதவில் அதற்கு எதிரே நிற்க வேண்டிய மயில், தோகையோடும் உடம்போடும் நின்றுபோயிருந்தது. கழுத்து பாதி. தலை இல்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

சிவதாணு பதில் சொல்லும் முன்னாலேயே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வியர்த்த முகம். புதுக்கடை என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாதவன் சார். கதவு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புது வீட்டுக்குப் பால் காய்ப்பு. விஷயம் எப்படியோ காதில் விழுந்து ஓடி வந்திருந்தார்.

அவர் தலையில்லாத மயிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம்மா, எனக்க வீட்டுக்காரிக்கிட்ட மட்டும் சொல்லிராதிய."

கதை மெல்ல வெளியே வந்தது. புது வீடு எழும்பியிருக்கும் மனையில் ஒரு பலா மரம் நின்றிருக்கிறது. அவருடைய மனைவி சரோஜா அக்கா கல்யாணம் முடிந்து வந்த புதிதில் வைத்த மரம். வீட்டு பிளானில் முன்ஹால் வருகிற இடம் சரியாக அந்த மரத்தின் மேல் விழுந்தது. பிளானைத் திருப்பலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். சார் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அக்கா தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நாளில் மரத்தை வெட்டிவிட்டார்.

"வந்து பாத்தவ ஒரு வார்த்த பேசல்ல. பேச்சு நின்னு போச்சு. அவளுக்கும் சேத்து நான் ஒருபாடு பேசிப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல்ல. கடைசியில, அந்த மரத்துலயே வாசக்கதவு செஞ்சு தாறேன், தெனமும் நீ தொட்டுட்டுப் போலாம்னு சொன்னேன். அதுக்குப் பொறவு தான் 'சாப்பிட வாங்க'ன்னு ஒரு வார்த்த வந்துது."

"வேற பலகை இல்லையா?" என்றேன்.

"நிலைக்கும் கதவுக்கும் தான் தேறிச்சு. மிச்சம் விறகு," என்றார் சிவதாணு.

ஆக, கிடந்தது ஒரே ஒரு பலகை. அதைக் கெடுத்தால் இன்னொன்று கிடையாது. கடையில் நல்ல தேக்குக் கதவு கிடைக்கும், ஆனால் அது சரோஜா அக்காவுக்குக் கதவு இல்லை. சார் வாழ்நாள் முழுக்க, அக்கா வாய் திறக்காத ஒரு வீட்டில் இருக்க வேண்டியதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"சரி, சாஃப்ட்வேர் சிடி இருக்கா?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்விக்கு நம் வாடிக்கையாளர்கள் விழிக்கிற விழியை நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். ஆனால் பகவதியின் முகம் மலர்ந்தது. "இருக்கே! பத்திரமா இருக்கு!" என்று வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்புப் பட்டுத்துணி. எனக்கு அவள்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

துணியைப் பிரித்தாள். பிள்ளைகளே, நான் சிடியைத் தேடினேன். சந்தனம்தான் தெரிந்தது.

அங்கே வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள், உளிக்கு வைப்பார்கள், அளவு டேப்புக்குக்கூட வைப்பார்கள். சிடியும் ஆயுதம்தானே. அதுதான் மெஷினுக்கு உயிர் என்று, அதைக் கொண்டுவந்து மாட்டிய ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் அதற்கு மட்டும் விசேஷக் கவனிப்பு. பூஜையில் வைக்கிற அன்று சந்தனம், குங்குமம். பூஜையிலிருந்து எடுக்கிற அன்று மறுபடி. பழையதைத் துடைப்பது அபசகுனம் என்று அதன் மேலேயே புதியது. இத்தனை வருஷத்துப் பக்தியும் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. அதுவும் எந்தப் பக்கத்தில்? எழுத்து அச்சடித்த பக்கம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. டேட்டா இருக்கிற பக்கம் முழுக்கச் சந்தனக்காப்பு.

"ஏன் பகவதி, இந்தப் பக்கம் வச்சே?"

"மின்னுத பக்கம் தானே முகம்? பின்னால யாராவது பொட்டு வைப்பாங்களா?"

யோசித்துப் பாருங்கள், அவள் சொன்னதில் என்ன தப்பு? எழுத்து முதுகில் இருக்கும், முகம் மின்னும் என்று நினைப்பது நியாயம்தான். சிடி செய்தவன்தான் தலைகீழாகச் செய்து வைத்திருக்கிறான்.

நான் சிரித்து முடிக்கும் முன் சிவதாணு சிடியை எடுத்துச் சட்டையில் தேய்க்கப் போனார். "கை எடும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மாமரத்துக் காக்கா பறந்தது. பகவதி அதற்குள் அடுக்களையிலிருந்து புளியும் சாம்பலும் கொண்டுவந்துவிட்டாள். "விளக்கு இதுல தான் நல்லா பளபளக்கும்" என்கிறாள். மாதவன் சார் தன் பங்குக்கு, "பல்லு தேக்குத பேஸ்ட் நல்லதுன்னு எங்கயோ படிச்சேன்" என்றார். கலங்கி நிற்கிற ஆட்கள் தேய்க்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். காய்ந்த சந்தனம் மணல் மாதிரி. ஒரு தேய்ப்புக்கு ஒரு கீறல்.

அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை, யாரையும் ஒன்றும் செய்ய விடாமல் வைத்ததுதான். ஒரு தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவுகிற சோப்பில் இரண்டு சொட்டு விட்டு, சிடியை அதில் மூழ்க வைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

"இனி?" என்றார் சிவதாணு.

"இனி இருங்க."

"சும்மாவா?"

"சும்மா தான்."

சும்மா இருக்கச் சொன்னால் நம் ஆட்களுக்கு உடம்பு அரிக்கும். சார் வாட்ச் பார்த்தார், சிவதாணு தாம்பாளத்தைப் பார்த்தார், பகவதி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். குங்குமம் ஊறித் தண்ணீர் நல்ல சிவப்பாகிவிட்டது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி பகவதி, யாருக்கு ஆரத்தி? பொண்ணு மாப்பிள வந்திருக்கா?"

"கம்ப்யூட்டருக்கு," என்றேன் நான்.

அந்தம்மா கொஞ்ச நேரம் நின்று, இதில் கேலி ஏதும் உண்டா என்று என் முகத்தில் தேடிவிட்டு, "நல்லா இருக்கட்டு" என்று சொல்லிப் போனாள்.

சந்தனம் தானாக நெகிழ்ந்து கழன்றது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, பைய துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்தது. மஞ்சள் கறையும் ஒன்றிரண்டு கீறலும் இருந்தன. நேரே பழைய கம்ப்யூட்டரில் போடாமல் என் மடிக்கணினியில் ஒரு நகல் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஃபைலாக வந்தது. ஒரு ஃபைலில் நின்றது. திரையில் கேள்வி வந்தது: இதை விட்டுவிட்டுப் போகலாமா?

"விட்டிருங்கக்கா, ஒரு ஃபைல் தானே," என்றார் சிவதாணு.

"ஆமாம்மா, விட்டிருங்க," என்றார் சார், அது என்னவென்று தெரியாமலே.

விட்டுவிடு என்கிற பொத்தானைப் பார்த்தால் யாருக்கும் கை போகும். அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும், வாடிக்கையாளர் மூச்சு உங்கள் கழுத்தில் படும். எதை விடுகிறோம் என்று பார்த்துவிட்டு விடுங்கள். பெயரைப் பார்த்தேன். அந்தக் கார்டோடு பேசுகிற ஃபைல்தான் அது. அதை விட்டிருந்தால் மீதியெல்லாம் அழகாக ஏறியிருக்கும், மெஷின் மட்டும் அசைந்திருக்காது. சிடியை மறுபடி தண்ணீரில் போட்டேன். சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஓரத்தில் குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகப் பிடித்திருந்தது. அது விட்டதும் ஃபைல் வந்தது. பகவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் வேறு டிஸ்க் மாட்டி, சிஸ்டம் ஏற்றி, சாஃப்ட்வேரும் ஏற்றியாயிற்று. திரையில் மயில் முழுசாக, தலையோடு தெரிந்தது. அவ்வளவுதான், பட்டறையில் ஒரே உற்சாகம். பகவதி சூடம் ஏற்றினாள். சிவதாணு பிட்டைப் பலகைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

நான் எழுந்து மெஷினின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பலகையில இப்ப ஓட்டக் கூடாது."

"எனக்க மெஷினு எனக்குத் தெரியாதா அக்கா?" சிவதாணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். பழகிய கை. "எத்தனை கதவு இதுல ஓட்டியிருக்கேன்!"

"ஒங்களுக்கு மெஷினைத் தெரியும். அதுக்கு ஒங்களைத் தெரியாது. அது இப்ப பொறந்த பிள்ள. நீங்க சொல்லி வச்சதெல்லாம் பழைய டிஸ்க்கோட போச்சு."

"நேரம் போவுதும்மா," என்றார் சார்.

"போகட்டு. வாழத்தண்டு இருக்கா?"

மூவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மரத்துண்டில் சோதனை பார்க்கலாம்தான். ஆனால் அந்த அளவுப் பிட்டு அவரிடம் ஒன்றுதான் மிச்சம், கட்டி மரத்தில் தப்பாக இறங்கினால் ஒடிந்துபோகும். பட்டறைக்குப் பின்னால் குலை வெட்டிய வாழை நின்றது. பகவதி அரிவாளோடு போய், தொடை கனத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். பலகையை இறக்கி வைத்து, அந்த இடத்தில் தண்டைக் கட்டினோம். கதவின் அடியில் வருகிற சின்னப் பூவை மட்டும் செதுக்கச் சொல்லி ஓட்டினோம். சார் ஆசையோடு குனிந்து பார்த்தார்.

பிட்டு சுழன்றது. நகத்தளவு ஆழத்துக்கு இறங்க வேண்டியது, நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. அதைப் பிடித்திருக்கும் தலைப்பகுதிவரை தண்டுக்குள் முங்கி, நீரையும் சாற்றையும் நான்கு பக்கமும் பீய்ச்சி அடித்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

சார் முகத்தைத் துடைத்தார். வேட்டி முழுக்க வாழைக்கறை.

எல்லாரும் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலாப் பலகையைத்தான் பார்த்தார்கள். சிவதாணு போய் அதை இன்னும் தள்ளி வைத்தார்.

விஷயம் இதுதான். சாஃப்ட்வேர் செய்தவர்கள் அங்குலக்காரர்கள். டிசைன் மில்லிமீட்டரில் வரைந்தது. முதன்முதலில் மாட்டிய ஆள் அதை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை. புதிதாக ஏற்றியதும் அது தன் அங்குலத்துக்கே திரும்பிவிட்டது. நாலு மில்லி என்று சொன்னதை நாலு அங்குலம் என்று எடுத்துக்கொண்டது. வேலை செய்கிற மெஷினில் யாரோ எப்போதோ மாற்றி வைத்த சங்கதிகள் ஒளிந்திருக்கும். உடையவர்களுக்கே அது மறந்திருக்கும். அதனால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிகிறதே என்று ஒருநாளும் நம்பிவிடாதீர்கள்.

"அக்கா," என்றார் சிவதாணு. "இன்னும் எத்தன வாழ வேணும்னாலும் வெட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து வாழைத்தண்டில் பூ செதுக்கினோம். முடிந்த இடது கதவை அளந்து, அந்த ஆழம் வரும்வரை மெஷினின் அளவுகளை ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். பூப்போட்ட தண்டுகளைத் தின்று அக்கம்பக்கத்து ஆடுகள் அங்கேயே படுத்துக்கொண்டன. பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்த கார் ஒன்று நின்று, அதில் ஒருவர் தண்டை விலைக்குக் கேட்டார். கடைசியில் பலகையை ஏற்றினோம். ஏற்றியும் உடனே இறக்கவில்லை. ஏற்கெனவே செதுக்கிய தோகைக்கு மேல் பிட்டை மயிரிழை உயரத்தில் வெறும் காற்றில் ஓடவிட்டு, பழைய தடத்திலேயே போகிறதா என்று பார்த்தோம். போனது. அப்புறம்தான் கழுத்தில் இறக்கினோம். மயிலுக்குத் தலை வந்தது. பகவதி அழுதேவிட்டாள், நானும் கொஞ்சம்.

கிளம்பும்போது நகல் சிடி ஒன்றைக் கொடுத்து, "இது வேலைக்கு. பழையது பூஜைக்கு. பொட்டு எழுத்துப் பக்கம்," என்றேன்.

"முகத்துக்கு?"

"முகத்தைக் கவுத்து வை. வெக்கப்படட்டு."

ஒரே ஒரு குறை. நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கியதில் மயிலின் கழுத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்த்தால் கழுத்தில் செதுக்கிய இறகு வரி போய்விடும் என்று விட்டுவிட்டோம். "அவ கழுத்தையா தடவப் போறா?" என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கடைக்கு நானும் போனேன். சொந்தபந்தமெல்லாம் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். சரோஜா அக்கா விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். கதவைப் பார்த்ததும் விளக்கை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்தார். தோகையைத் தடவினார். உடம்பைத் தடவினார். கழுத்தில் விரல் நின்றது.

"இங்கின என்ன, ஒரு கோடு மாதிரி இருக்கு?"

மாதவன் சார் ஆகாயத்தைப் பார்த்தார். சிவதாணு என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். மரத்தில் இயற்கையாக வருவதுதான் என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த மரத்தை அந்த அம்மாவைவிட யாருக்குத் தெரியும்? சொல்லிவிட்டேன்.

"அந்த எடத்துல மெஷினு நின்னு போச்சுக்கா. மறுநாள் அதே எடத்துல இருந்து தான் தொடங்கினோம்."

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கறை பிடிச்ச வேட்டிய மச்சுல ஒளிச்சு வச்சது இதுக்குத் தானா?"

"ஆமா."

"என்னத்துக்கு மறச்சிய?"

"நீ மறுபடி பேச்ச நிறுத்திட்டா நான் எங்க போவேன், சரோ?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் நிறைந்திருந்தது. "நேரம் ஆவுது, நேரம் ஆவுது" என்று ஒரு பெரியவர் அவசரப்படுத்தினார்.

"பால் எங்கயும் ஓடிராது," என்றார் அக்கா. விரல் இன்னும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலது கதவைத் தள்ளித் திறந்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். திரும்பிப் பார்த்தார். சார் படியிலேயே தயங்கிக்கொண்டு நின்றார்.

"என்ன நிக்கிய? வாங்க," என்றார் சரோஜா அக்கா. "ஒங்களுக்கும் சேத்து தான் கதவு."